சிவப்புப் பெட்டி இருந்த இடம்

ராசாத்தாள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் புரட்டாசியில் அசைவம் ஆகாது. மற்ற மாதங்களில் முட்டை இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் மிஞ்சியது மூடி போட்ட கிண்ணத்தில் இருக்கும். புரட்டாசி பிறக்கப் போகிறதென்றால் எல்லாம் வெளியே வந்துவிடும். தட்டுகளைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கடைசியில் கதவின்மேல் ஒரு நாமத்தையும் போட்டுவிடுவாள். பெரியநாயக்கன்பாளையத்திலேயே விரதம் இருக்கிற ஃப்ரிட்ஜ் நம்முடையது ஒன்றுதான் என்று அவள் வீட்டுக்காரர் வெங்கடபதி கேலி பேசுவார். பேசட்டும். பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருசம் லேத் ஓட்டிய மனுசனுக்கு ஆசாரத்தைப் பற்றி என்ன தெரியும்?

அந்த ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஒரு வருசமாக ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது.

பெட்டி அவளுடையதில்லை. வீட்டுக்குப் பின்னால் அவள் வாடகைக்கு விட்டிருந்த நான்கு லைன் வீடுகளில் கடைசி வீட்டு ரம்லாவுடையது. ரம்லா வீட்டில் இருந்தபடியே பாவாடை தைத்து கோயமுத்தூர்க் கடைகளுக்குக் கொடுப்பவள். அவள் புருசன் உமர் பாரூக் சந்தை சந்தையாகப் போய் லுங்கியும் துண்டும் விற்பவர். ஒரே மகள் ஆஃப்ரின், பத்து வயசு. அந்தப் பிள்ளைக்கு ஆறு வயசிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். தவறினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் போட்டுவிடும், வலிப்பும் வரும். அப்படி நினைவு தப்பினால் போட வேண்டிய அவசர மருந்துதான் சிவப்புப் பெட்டியில் இருந்தது. கோயமுத்தூரில் தேடி அலைந்தும் கிடைக்காமல், உமர் பாரூக்கின் தம்பி அனீஸ் அபுதாபியிலிருந்து ஆள்மூலம் கொடுத்தனுப்பியது.

தினசரி இன்சுலினை ரம்லா ஈரமணல் கொட்டிய பானைக்குள் வைத்துக்கொள்வாள். அட்டைப்பெட்டி அந்த ஈரத்தில் ஊறிப் போய்விடும் என்று பயந்துதான் ராசாத்தாளிடம் வந்தாள்.

"ஏனுங்க்கா, உங்க ஃப்ரிட்ஜுல ஒரு ஓரமா இத வெச்சுக்கறீங்ளா?"

"ஓரத்துல எதுக்கு அம்மணி? மேல்தட்டுலயே வைய்யி" என்றாள் ராசாத்தாள். லைன் வீட்டுக்காரர்கள் ஐஸ் கேட்டு வருவதும், மாவுச் சட்டி வைக்க வருவதும் அவளுக்குப் பெருமை. இது அதற்கெல்லாம் மேலே; ஒரு பிள்ளையின் உயிரே தன் ஃப்ரிட்ஜில் இருக்கிறதென்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ரம்லா வைத்துவிட்டுப் போகவில்லை. காலியான இன்சுலின் புட்டி ஒன்றையும் பழைய ஊசியையும் கொண்டுவந்து, போடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள்.

"பொட்டில இருக்கற ஊசிக்குள்ள இருக்கறது வெறுந்தண்ணிங்க்கா. மருந்து பூராவும் சின்னப் பாட்டல்ல பொடியா இருக்குது. தண்ணிய அதுக்குள்ள உட்டு, கரைச்சு, மறுக்கா ஊசில இழுத்து, தொடையில போடோணும். போட்டுட்டு ஒருக்களிச்சுப் படுக்க வெக்கோணும். மயங்கிக் கெடக்கறப்ப வாயில ஒண்ணுமே ஊத்தக்கூடாது, பொரையேறிப் போயிரும்."

"நானெதுக்கு அம்மணி ஊசி போடப்போறேன்? நீதான் இருக்கறயே."

"நான் இல்லாதப்பத்தானுங்க்கா வரும்" என்றாள் ரம்லா. நாலு தரம் செய்ய வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஒரு வருசம் ஒன்றும் வரவில்லை. பெட்டி பாட்டுக்கு மேல்தட்டில் இருந்தது. போன புரட்டாசியில்கூட இருந்தது, அப்போது யாருக்கும் அது உறுத்தவில்லை. இந்த வருசம் எதிர்வீட்டுப் பாவாத்தாள் வந்து வாயைத் திறந்தாள். பாவாத்தாளின் மகன் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். வியாழக்கிழமை மோர் வாங்க வந்தவள், ராசாத்தாள் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"அக்கா, அந்தச் செவப்புப் பொட்டி என்னன்னு தெரியுங்ளா? போன வாரம் ஐஸுக்கு வந்தப்ப என்ற மவன் படிச்சுப் பாத்தானாமா. மாட்டு வகுத்துக்குள்ள இருந்தும் பன்னி வகுத்துக்குள்ள இருந்தும் எடுக்கற மருந்தாமா அது. மேலயே எழுதியிருக்குதாமா. நீங்க என்னடான்னா கதவுல நாமத்தப் போட்டு வெச்சிருக்கறீங்க."

சொன்னவள் மோரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ராசாத்தாளுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பெருமாளுக்குப் படைக்கிற வெண்ணெய் கீழ்த்தட்டில், பன்னி மேல்தட்டில். வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளிப்பதற்கு முன்னால் பெட்டியைப் பேப்பரோடு பிடித்து எடுத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, விறகு அடுக்கியிருந்த சாளையில் ஆணியில் மாட்டினாள். அஸ்பெஸ்டாஸ் போட்ட சாளை. அப்புறம் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஐப்பசி ஒன்றாந்தேதி திரும்ப உள்ளே வைத்துவிட்டால் போகிறது.

ரம்லாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. எப்படிச் சொல்வது? ஒரு நாளைக்கு இருபது தரம் அக்கா என்று கூப்பிடுகிறவளிடம், உன் பிள்ளை மருந்து எனக்குத் தீட்டு என்று எந்த வாயால் சொல்வது? ராசாத்தாளுக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விசயம். சொல்ல வேண்டிய நேரத்தில்தான் அந்த வாய் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. காலை எட்டரை மணிக்கு, தைத்த பாவாடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ரம்லா வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, டவுனுக்குப் போயி இதக் குடுத்துப்போட்டு ரெண்டு மணிக்குள்ள வந்தர்றேன். அவரு வெள்ளகோவில் பக்கம் போயிருக்கறாரு. ஆஃப்ரினச் சித்த பாத்துக்கறீங்ளா? காலைல ஊசி போட்டு இட்லி தின்னுட்டா. பதனோரு மணிக்கு அவகிட்ட இருக்கற பிஸ்கட்ட மட்டும் மறக்காமத் திங்க வெச்சுருங்க. மத்தியானச் சோறு டப்பாவுல இருக்குது."

"உட்டுட்டுப் போ அம்மணி. எம்புள்ளயாட்டப் பாத்துக்க மாட்டனா?"

ரம்லா நாலடி போய்த் திரும்பினாள். தினமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"பொட்டி மேல்தட்டுலதானுங்க்கா இருக்குது?"

"அது எங்க போயிரப்போவுது?" என்றாள் ராசாத்தாள்.

பொய் என்று சொல்ல முடியாது, பெட்டி எங்கேயும் போய்விடவில்லைதான். ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். ரம்லாவின் பஸ் போன சத்தம் கேட்ட பிறகும் அவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். சாளையை எட்டிப் பார்த்தாள். பை ஆணியில் தொங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

படையல் வேலையும் தலைக்குமேல் கிடந்தது. சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, உளுந்து வடை, சுண்டல். தாசர் வந்து சங்கு ஊதி, சேகண்டி அடித்து, கோவிந்தா போட்ட பிறகுதான் அந்த வீட்டில் பல்லில் தண்ணீர் படும். மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்த தாசரை இன்னும் காணவில்லை. வெங்கடபதி டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார்.

ஆஃப்ரின் கூடமாட ஓடிக்கொண்டிருந்தாள். கிணற்றடிக்குப் போய்த் துளசி பறித்தாள், கடைக்கு ஓடிக் கற்பூரம் வாங்கி வந்தாள், சாமி முன்னால் கோலம் போடுகிறேன் பெரீம்மா என்று மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். பதினொரு மணி அடித்ததும் பாவாடை மடிப்பிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள்.

"பெரீம்மா, தின்னட்டுங்ளா?"

ராசாத்தாள் வடை தட்டிக்கொண்டிருந்தாள். சாமி முன்னால், போட்டது பாதியும் போடாதது பாதியுமான கோலத்துக்கு நடுவில், பிள்ளை பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்குச் சனிக்கெழம கண்ணு. படையலுக்கு முன்னாடி இங்க எச்சி படக்கூடாது. பத்தே நிமிசம். தாசரு வந்தர்றாரு. அப்பறம் பிஸ்கட் எதுக்கு, பொங்கலே தின்னுக்கலாம்."

"சரீங் பெரீம்மா" என்று ஆஃப்ரின் பொட்டலத்தை மடித்து மறுபடியும் பாவாடையில் செருகிக்கொண்டாள்.

அடம்பிடித்து அழுதிருந்தால் தின்றுபோட்டு வா போ என்று விரட்டியிருப்பாள். அந்தப் பிள்ளை அழவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, வளர்ப்பு அப்படி. பத்து நிமிசம் கால் மணி ஆயிற்று, கால் மணி அரை மணி ஆயிற்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது இந்தத் தாசருக்காகவே சொன்னதுதான் என்று ராசாத்தாள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பிஸ்கட்டின் நினைப்பு ஒருதரம் வந்தது. அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? மூன்று பிள்ளைகளை இப்படித்தானே சனிக்கிழமை சனிக்கிழமை காயப்போட்டு வளர்த்தோம் என்று அதைத் தள்ளிவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கோலத்தைப் பார்த்தவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சங்கு போட்ட இடத்தில் கோடு எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியிருந்தது.

"ஏம்புள்ள, இதென்ன கோலம்? கண்ணு தெரியறதில்லயா?"

ஆஃப்ரின் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை ராசாத்தாள்மேல் நிற்கவில்லை. நெற்றியிலும் மூக்கின் மேலும் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

"பஸ்ஸு போயிருச்சு" என்றது பிள்ளை. "பஸ்ஸு... துளசி..."

மாவுக் கிண்ணம் கவிழ்ந்தது. பிள்ளை அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கோலத்தின்மேல் விழுந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

ராசாத்தாள் போட்ட சத்தத்தில் பாவாத்தாள் எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தாள். வந்தவள் பார்த்ததும் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள்.

"வலிப்புங்க்கா! இரும்பக் கையில குடுத்தாச் சரியாப் போயிரும்!" பிள்ளையின் விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தை உள்ளே திணித்தாள். கொத்து சிலுங் சிலுங்கென்று தரையில் அடித்தது. "வெல்லத்தண்ணி கொண்டாங்க, வாயில ஊத்தலாம்!"

"ஊத்தாத!" என்று கத்தினாள் ராசாத்தாள். "ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. ஒருக்களிச்சுப் புடி. ஆட்டோ கூப்புடச் சொல்லு யாரயாச்சும்."

அவள் கால் தன்னால் ஃப்ரிட்ஜுக்குத்தான் ஓடியது. கதவைத் திறந்து மேல்தட்டில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. பெட்டி இருந்த இடத்தில் இப்போது வெண்ணெய் இருந்தது. மஞ்சள் தெளித்துத் துடைத்த தட்டு பளிச்சென்று இருந்தது. அடிப்பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டு சாளைக்கு ஓடினாள். ஆணியிலிருந்து பையை இழுத்த இழுப்பில் காது அறுந்தது. பெட்டி கதகதவென்று சுட்டது. ஒன்றரை நாள் அஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வெந்த மருந்து. கெட்டிருக்குமோ? கெட்டிருந்தால் இதைப் போட்டு என்ன, போடாமல் என்ன? பெருமாளே, நான் செய்த காரியத்துக்கு என்னைக் கேள், அந்தப் பிள்ளையை ஏன் கேட்கிறாய்?

மாடும் பன்னியும் அப்போது நினைவிலேயே இல்லை. பல்லால் கடித்துப் பெட்டியைக் கிழித்தாள்.

உள்ளே ஊசி இருந்தது, தண்ணீர் நிரம்பியிருந்தது. மூடியைப் பிடுங்கினாள். பிள்ளையின் பாவாடையை ஒதுக்கித் தொடையைப் பிடித்தாள். குத்தப்போன கை அந்தரத்தில் நின்றது. மடியில் என்னவோ உருண்டது. பார்த்தால் சின்னப் புட்டி, அடியில் வெள்ளைப் பொடி. ஊசிக்குள்ள இருக்கறது வெறுந்தண்ணிங்க்கா. ரம்லா பக்கத்தில் நின்று சொன்னமாதிரி இருந்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டு, மருந்து போட்டாயிற்றென்று சாமியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புட்டியின் மூடியைத் தட்டிவிட்டு, ரப்பரில் ஊசியை இறக்கித் தண்ணீரை உள்ளே விட்டாள். உருட்டினாள். பொடி கரைந்து தெளிந்தது. திரும்ப இழுத்தாள். தொடையில் குத்தினாள். கடைசிச் சொட்டுவரை அழுத்தினாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"இப்ப என்னங்க்கா?" என்றாள் பாவாத்தாள்.

"இனிப் பாக்கறதுதான். பத்து பாஞ்சு நிமிசம் ஆவும்னா."

அந்தப் பதினைந்து நிமிசத்தைத்தான் ராசாத்தாள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். இழுப்பு நின்றது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியவில்லை. பிள்ளையின் கன்னத்தில் கோலமாவு அப்பியிருந்தது. மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், ஓடுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது. பாவாத்தாள் ஏதோ சொன்னாள். ராசாத்தாள் கைகளைப் பிசைந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். ரம்லா ஏறின பஸ் இப்போது எங்கே திரும்பி வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை அவள் கதைதான். தும்பு காலையில் பதினொரு மணிக்கு அந்தப் பிள்ளையின் கையிலேயே இருந்தது.

வாசலில் சங்கு ஊதியது. தாசர் வந்துவிட்டார். பின்னாலேயே சேகண்டி, கோவிந்தா கோவிந்தா என்று வெங்கடபதியின் குரல். உள்ளே வந்தவர்கள் பார்த்துவிட்டு அப்படியே நின்றுபோனார்கள்.

அந்தச் சத்தத்திலோ மருந்திலோ, ஆஃப்ரின் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் குபுக்கென்று வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்ததால் அது சாமி முன்னால் விரித்திருந்த இலை ஓரம்வரை ஓடியது.

"தண்ணி" என்றது பிள்ளை. அப்புறம், "பெரீம்மா, தாசரு வந்துட்டாருங்ளா? பிஸ்கட் தின்னட்டுங்ளா?"

ராசாத்தாள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையைச் சாய்த்து உட்கார வைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறதா, தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது. சாமிக்கு முன்னால் இருந்த சர்க்கரைப் பொங்கல் சட்டியை இழுத்தாள்.

"ராசாத்தா, இன்னும் படைக்கல..." என்று இழுத்தார் வெங்கடபதி.

"படச்சுக்கலாம் சும்மா இருங்க" என்றாள். தாசர் சங்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்க வெளியே போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளையின் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். ஏறியிருந்தது. ஊசியை யார் போட்டது என்று கேட்டு, சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்றார். பெட்டி வெயிலில் இருந்துவிட்டது என்று ராசாத்தாள் முணுமுணுத்தாள். கரைக்காத பொடி ஒன்றிரண்டு நாளில் கெட்டுவிடாது, நல்லவேளை என்றார் அவர். அந்த நல்லவேளை யாருடையது என்று ராசாத்தாள் யோசித்தாள். தன்னுடையதில்லை என்று மட்டும் தெரிந்தது.

எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, ரம்லா வரும்போது இரண்டரை மணி. பஸ் ஸ்டாப்பிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். செருப்பில்லாமல் ஓடி வந்தாள். சோறு தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தடவிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், அப்புறம் ராசாத்தாளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இல்லீன்னா எம்புள்ள இல்லீங்க்கா. உங்க ஃப்ரிட்ஜுல மட்டும் அந்தப் பொட்டி இல்லாமப் போயிருந்தா..."

வெங்கடபதி வாசலில் நின்றார். பாவாத்தாள் ராசாத்தாளைப் பார்த்தாள், பேசாமல் இருந்துகொள்ளுங்கள் என்று கண்ணைக் காட்டினாள். இருந்திருக்கலாம். ஊர் மெச்சியிருக்கும், ரம்லா ஆயுசுக்கும் கை கூப்பியிருப்பாள். அந்தக் கண்ணீர் கையில் ஈரமாகப் பட்டதுதான் ராசாத்தாளுக்குத் தாங்கவில்லை.

"இல்ல அம்மணி. பொட்டி ஃப்ரிட்ஜுல இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். பாவாத்தாள் சொன்னது, மஞ்சப்பை, சாளை. பிஸ்கட்டையும் சொன்னாள். பத்து நிமிசம், பத்து நிமிசம் என்று உட்கார வைத்ததையும் விடாமல் சொன்னாள்.

ரம்லா கையை விட்டாள். வெடுக்கென்று இல்லை, மெதுவாக.

"பன்னிங்கறது எங்களுக்குத் தெரியாதுங்ளா?" என்றாள். "பொட்டி வந்தன்னைக்கு அவரு ராத்திரி பூராவும் தூங்கல. பள்ளிவாசலுக்குப் போயி ஹஜ்ரத்தக் கேட்டாரு. உசுரு போற எடத்துல வேற வழியில்லீன்னா அது ஹராமில்லன்னு சொன்னதுக்கப்பறந்தான் ஊட்டுக்குள்ள கொண்டாந்தோம். எங்களுக்கு இல்லாத ஆகாததுங்ளா உங்களுக்கு?"

ராசாத்தாள் பிள்ளையின் காதோரம் ஒட்டியிருந்த கோலமாவைத் துடைத்தாள்.

"அதுகூடப் போகட்டுமுங்க. பிஸ்கட்டும் போகட்டும், தெரியாமச் செஞ்சது. காலைல நான் கேட்டனுங்ளே. மேல்தட்டுல இருக்குதான்னு கேட்டனுங்ளே."

தூங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலாம். இந்த ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ரம்லா எதிரில் வந்தால் "நல்லா இருக்கறீங்ளாங்க" என்பாள். அக்கா காணாமல் போய், வெறும் 'ங்க' மட்டும் நின்றது. உமர் பாரூக் எப்போதும்போல வணக்கம் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆஃப்ரின் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கும், உள்ளேயிருந்து கூப்பிட்டால் ஓடிவிடும். டவுனுக்குப் போகிற நாளில் ரம்லா மகளைக் கூடவே கூட்டிக்கொண்டு போனாள், மூட்டை ஒரு கையில், பிள்ளை ஒரு கையில்.

ராசாத்தாளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. மூன்றாம் சனிக்கிழமை படையலை எட்டு மணிக்கே முடித்தாள், தாசர் வரும்போது வரட்டும் என்று. ஐப்பசி பிறந்தது, ஃப்ரிட்ஜுக்குள் முட்டை திரும்பி வந்தது. மேல்தட்டை மட்டும் காலியாக வைத்தாள். வெங்கடபதி தெரியாமல் தயிரை அங்கே வைத்தால் எடுத்துக் கீழே வைப்பாள். ஒருநாள் குழாயடியில் வழிமறித்துக் கேட்டேவிட்டாள்.

"புதுப்பொட்டி வந்தா இங்கயே வெச்சுக்கலாம் அம்மணி. இனி வருசம் பூராவும் அந்தத் தட்ட நான் தொடமாட்டேன்."

"பாக்கலாமுங்க" என்றாள் ரம்லா.

பாக்கலாமுங்க என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ராசாத்தாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

கார்த்திகை பாதியில் அனீஸ் அனுப்பிய புதுப்பெட்டி வந்தது. வந்த செய்தி பாவாத்தாள் மூலமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் ரம்லா பின்வாசலில் வந்து நின்றாள். கையில் பெட்டி இல்லை.

"பொட்டி வந்துருச்சுங்க" என்றாள். "டாக்டருகிட்டக் கேட்டேன். ஃப்ரிட்ஜே வேண்டாமாமா. வெயில் படாத அலமாரில இருந்தாப் போதுமாமா. எங்க ஊட்டுலயே வெச்சுட்டேன்."

"சரி அம்மணி" என்றாள் ராசாத்தாள். காலியாக வைத்த மேல்தட்டு ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜும் வேண்டாம், தானும் வேண்டாம். நியாயந்தான்.

ரம்லா போகவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். ஒரு சாவி.

"இது எங்க ஊட்டு இன்னொரு சாவிங்க. வெச்சுக்கங்க."

ராசாத்தாள் கையை நீட்டாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நான் மறந்துபோட்டேன்னு நெனச்சுக்காதீங்க. மனசு இன்னும் ஆறல" என்றாள் ரம்லா. "ஆனா ரெண்டு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன். அந்த ஊசிய நான் ஒருக்காக்கூடப் போட்டதில்ல. பாட்டலக் குலுக்கிக் காட்டுவேன், அவ்ளோதான். எம்புள்ள விழுந்து கெடந்தா எனக்குக் கை வருமான்னு தெரியாது. அவருக்கு ரத்தத்தக் கண்டாலே ஆகாது. இந்த ஊருல அதப் போட்ட ஆளு நீங்க ஒருத்தருதானுங்க்கா."

கடைசியில் வந்த அக்காவை ரம்லாவே கவனித்ததாகத் தெரியவில்லை. ராசாத்தாள் சாவியை வாங்கித் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றி அதோடு கோத்துக்கொண்டாள். அவள் வீட்டுப் பீரோச் சாவிக்குக்கூட அந்த இடம் கிடைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை எட்டரை மணிக்கு ரம்லா மூட்டையோடு கிளம்பினாள். ஆஃப்ரின் ராசாத்தாள் வீட்டுப் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டருகே போய் ரம்லா நின்றாள். திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பத்தான் தொறந்து பாத்துப்போட்டு வாரேன்" என்றாள் ராசாத்தாள். "உங்கூட்டு அலமாரி மேல்தட்டுல இருக்குது. பாட்டலும் இருக்குது, ஊசியும் இருக்குது. பஸ் வந்துருச்சு, நீ போ அம்மணி."